கோத்தகிரி அன்பருக்கு: மாதம் ஒரு நீல இன்ஹேலர்

வணக்கம். ஒன்பது வயது மகளுக்கு லேசான ஆஸ்துமாதான் என்பதால் மாதம் ஒரு நீல இன்ஹேலரோடு சமாளிப்பதாக எழுதி, உயிராபத்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். குழந்தைகள் ஆஸ்துமாவால் இறப்பது அரிது. ஆயினும் 'லேசானது' என்ற சொல்லை நம்பியிருக்க இயலாது. 2014இல் வெளியான பிரிட்டன் நாட்டளவிலான ஆய்வு பரிசீலித்த 195 ஆஸ்துமா மரணங்களில் 28 பேர் இருபது வயதுக்குட்பட்டவர்கள். மொத்தத்தில் 45 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடாமலோ, அவசரச் சிகிச்சை கிடைக்கும் முன்போ இறந்திருந்தனர்.

நீல மருந்து மூச்சுக்குழாயை விரிக்குமேயன்றி உள்ளிருக்கும் அழற்சியைத் தணிக்காது. ஆண்டுக்குப் பன்னிரண்டு தீர்வது ஆபத்துக்கான அறிகுறி. ஆகவே, தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் பற்றி இவ்வாரமே மருத்துவரிடம் பேசுங்கள் (அந்தப் பெயருக்கு வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவது வழக்கம், இழுக்கும் அளவு மிகக் குறைவே). பேச முடியாமல் திணறினாலோ, நீல மருந்துக்குப் பின்னும் இழுப்பு அடங்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல், மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்குமுன் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.