தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: முதியோர் பாதுகாப்பு, கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பலவற்றுக்கும் அடியில் ஒரே தவிப்புதான் இருக்கிறது: வீட்டுப் பெரியவரிடம் ஏதோ சரியில்லை, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதாவதொரு கொடுமைக்கு ஆளாகிறார். அடி மட்டுமல்ல, ஏச்சு, பணப் பறிப்பு, நேரத்துக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுக்காமல் விடுவது எல்லாம் இதில் சேரும்.

அம்மாவுடன் தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருக்கிறோம். போன முறை பார்த்தபோது அம்மாவின் இரண்டு புஜத்திலும் கன்றிய தடம். "கீழே விழுந்துட்டாங்க" என்கிறார் அந்தப் பெண். அம்மா வாய் திறக்கவில்லை. நம்பலாமா?

முதலில் இடத்தைப் பாருங்கள். விழுபவர்களுக்குப் பெரும்பாலும் முட்டி, முழங்கை, முன்கால், நெற்றி என எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்தான் அடிபடும். காது, கழுத்து, முதுகு, தொடையின் உட்பக்கம் போன்றவை அவ்வளவு எளிதில் தற்செயலாகக் கன்றாது. இரு புஜத்திலும் விரல் அகலத்துக்குத் தடம் இருந்தால் யாரோ இறுக்கிப் பிடித்திருக்கலாம்.

அதற்காக உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, தூக்கி உட்கார வைக்கும் பிடியே தடமாகிவிடும். முன்கையிலும் புறங்கையிலும் ஊதாத் திட்டுகள் வயதான தோலில் அடி எதுவும் படாமலேகூட வரும். நிறத்தை வைத்து "இது இத்தனை நாள் பழசு" என்று கணக்குப் போடுவதும் வேண்டாம், மருத்துவர்களாலேயே அதைச் சரியாகச் சொல்ல முடியாது. தேதியோடு படம் எடுத்துவைத்து, மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

அப்புறம், அம்மாவோடு தனியாக உட்காருங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பார்த்துக்கொள்பவர் பக்கத்தில் நிற்கும்போது "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். எடுத்த எடுப்பில் "அடிக்கிறாங்களா?" என்றும் கேட்காதீர்கள். "ராத்திரி பாத்ரூம் போகணும்னா யாரைக் கூப்பிடுவீங்க? கூப்பிட்டா வர்றாங்களா? வரும்போது கோபப்படறாங்களா?" என்று அன்றாட நடப்பிலிருந்து தொடங்குங்கள். பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியை நீங்கள் பேசி நிரப்பிவிடக் கூடாது. தனியாகப் பேச விடாமல் அந்தப் பெண் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். அம்மா பயப்படுவதாகத் தெரிந்தால், விஷயம் தெளிவாகும்வரை அவரை அந்தப் பெண்ணோடு தனியே விடாதீர்கள்.

அப்பாவுக்கு மறதி நோய். மருமகள் பணத்தைத் திருடுவதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். அவள் அழுகிறாள்.

பொருளை எங்காவது பத்திரப்படுத்திவிட்டு, வைத்ததை மறந்து, அருகில் இருப்பவரைச் சந்தேகிப்பது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. அதிகம் பார்த்துக்கொள்பவர்மீதுதான் பழி விழும். வாதாடாமல் "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று தலையணை உறைக்குள், பழைய பைக்குள் பாருங்கள். மருமகளிடம் இது நோயின் வேலை என்று வீட்டார் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவருக்கு அது தேவை.

ஆனாலும் மறதி நோய் உள்ளவர்கள்தான் ஏமாற்றப்படும் ஆபத்து அதிகம். அவர் சொல்வது ஒவ்வொன்றையும் நோயின் கணக்கில் எழுதிவிட்டால், உண்மையிலேயே நடக்கும்போது யாருமே நம்ப மாட்டார்கள். வங்கிக் கணக்கை வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து மாதாமாதம் பாருங்கள். மருமகளுக்கும் அது பாதுகாப்பு. குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்றோ நீரிழப்போ காரணமாக இருக்கலாம்.

படுக்கையில் இருக்கும் மாமியாரை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று குளிக்க மறுத்தபோது கத்திவிட்டேன், கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தும்விட்டேன். நானும் கொடுமைக்காரியா?

நேற்று நடந்தது தவறு, அது இன்னொரு முறை நடக்கக் கூடாது. இதை நீங்களே எழுதிக் கேட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். இழுத்த கையில் வீக்கமோ வலியோ இருந்தால் இன்றே காட்டுங்கள், வயதான எலும்பு.

அவர் ஏன் மறுக்கிறார் என்று பாருங்கள். குளிர், மூட்டு வலி, விழுந்துவிடுவோமோ என்ற பயம், பிறர் முன் துணி அவிழ்க்கும் கூச்சம், இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். தினமும் குளித்தே ஆகவேண்டும் என்பதில்லை. உடம்பில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் பகுதி பகுதியாகத் துடைத்துவிடலாம். அப்போதே முதுகின் அடிப்பகுதியையும் குதிகாலையும் பாருங்கள். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது. கோபம் தலைக்கேறினால் அவர் விழாதபடி படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள்.

எனக்கு உங்கள் வீட்டாரிடம்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருத்தர் மட்டும் இரவு பகலாகப் பார்க்கும் வீட்டில் இது நடக்காமலிருந்தால்தான் ஆச்சரியம். கணவர், நாத்தனார், கொழுந்தன் என்று எல்லோரையும் உட்கார வைத்து, வாரத்தில் எந்த நாள், எந்த இரவு யாருடையது என்று எழுதி முடிவு செய்யுங்கள். வர முடியாதவர் ஆள் வைக்கப் பணம் கொடுக்கட்டும்.

முதியோர் இல்லத்தில் பாட்டியை நாற்காலியோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். "விழாம இருக்கத்தான்" என்கிறார்கள்.

ஏற்க முடியாது. கட்டிவைத்தால் தசை வலுவிழக்கும், படுக்கைப்புண் வரும், பதற்றம் கூடும். விடுவித்துக்கொள்ள முயன்று விழுவதும் உண்டு. தொந்தரவு செய்யாமலிருக்கத் தூக்க மாத்திரை கொடுத்து மயக்கத்தில் வைப்பதும் இதே வகைதான். மருந்துப் பட்டியலை வாங்கி வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள். எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வெவ்வேறு நேரங்களில், சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

எதிர் வீட்டுத் தாத்தாவை மகன் திட்டும் சத்தம் தினமும் கேட்கிறது. தலையிடலாமா?

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காவல்துறையைக் கூப்பிடுங்கள். மற்றபடி மகனிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அந்தக் கோபம் தாத்தாமீது திரும்பும். ஏதாவது சாக்கில் அடிக்கடி போய்ப் பேசுங்கள். ஆள் நடமாட்டமில்லாத வீட்டில்தான் இதெல்லாம் வளர்கிறது. முதியோர் உதவி எண்ணுக்கும் தகவல் சொல்லலாம்.

பேரன் ஏடிஎம் அட்டையைப் பிடுங்கி வைத்திருக்கிறான் என்று சித்தி என்னிடம் மட்டும் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாதே, என் ரத்தம்" என்கிறார்.

தெளிந்த மனதோடு இருப்பவர் என்றால் முடிவு அவருடையது. அவரை மீறிப் புகார் கொடுத்தால் உங்களிடம் சொல்வதையும் நிறுத்திவிடுவார். ஆனால் ரகசியம் காப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர் சம்மதத்தோடு வங்கிக்குக் கூட்டிப்போய் அட்டையை முடக்கிப் புதிது வாங்கலாம், ரகசிய எண்ணை மாற்றலாம். படித்துப் புரியாத எந்தத் தாளிலும், குறிப்பாகப் பவர் பத்திரத்தில், கையெழுத்துப் போடக் கூடாது. போடத்தான் வேண்டுமென்றால், பேரன் கூட்டிவராத ஒரு வழக்கறிஞரைத் தனியாகப் பார்த்த பிறகு போடட்டும். அடையாள அட்டையின் நகலும் மருந்துச் சீட்டின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். "எந்த நேரமானாலும் என் வீட்டுக்கு வரலாம்" என்று சொல்லிவையுங்கள். அவர் மனம் மாறிப் புகார் கொடுக்க நினைத்தால் கூடப் போய் நில்லுங்கள்.