எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு பழைய துணிகளை எப்போது, எப்படிக் கழிப்பது?

கேள்வி: ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையைச் சின்னதாக்குவது) முடிந்து எட்டு மாதம் ஆகிறது. 118 கிலோவிலிருந்து 84 கிலோவுக்கு வந்திருக்கிறேன். பீரோ முழுக்கப் பழைய அளவுத் துணி. எடை திரும்ப ஏறிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எதையும் கழிக்க மனசு வரவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது? சென்னையில் யாரிடம் கொடுக்கலாம்?

பதில்:

எட்டு மாதம் என்றால் இன்னும் வழியில்தான் இருக்கிறீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஆறு மாதம் எடை வேகமாக இறங்கும், அப்புறம் மெதுவாகும், பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் ஓரிடத்தில் நிற்கும். இரண்டாம் வருஷத்துக்கு மேல் சில கிலோ திரும்ப ஏறுவதும் பலருக்கு நடப்பதுதான். அதனால் பீரோவை இரண்டு தவணையாகக் காலி செய்யுங்கள். ஒன்று இப்போதே. இன்னொன்று, எடை தொடர்ந்து மூன்று மாதம் அசையாமல் நின்ற பிறகு.

பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்தாறு கிலோ ஏறினால் உங்களுக்குத் தேவைப்படப் போவது 90 கிலோவில் போட்ட துணி, 118 கிலோவில் போட்டது இல்லை. ஆகவே கடைசியாகத் தாண்டி வந்த ஒரு சைஸை மட்டும் வையுங்கள், அதிலும் நாலைந்து உருப்படி போதும். அதற்கு மேற்பட்ட சைஸ்கள் எல்லாம் முதல் தவணையிலேயே போகலாம். பரணில் மூட்டை கட்டி வைத்தாலும் சென்னைக் காற்றில் அது காத்திருக்காது. லெக்கிங்ஸின் எலாஸ்டிக் சும்மா கிடந்தே தளர்ந்துபோகும், மழைக்காலத்தில் பருத்தியில் கரும்புள்ளி பூஞ்சை பிடிக்கும். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் மட்டும் இரண்டு மூன்று தளர்ந்த குர்தியும் நைட்டியும் கூடுதலாக வைக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், அதற்குள் அந்தத் துணி வீணாகிவிடாது.

நம் ஊர் பீரோவில் பாதிக்கு சைஸே கிடையாது என்பது பெரிய சௌகரியம். புடவையும் வேட்டியும் எந்த எடைக்கும் பொருந்தும். இடுப்பு 44 இன்ச்சிலிருந்து 36 ஆனால், புடவை இடுப்பை ஏறக்குறைய இரண்டு தடவை சுற்றுவதால் 16 இன்ச் துணி மிச்சமாகும். ஐந்து இன்ச் அகல மடிப்பு ஒன்றுக்குப் பத்து இன்ச் போகும். ஒரு மடிப்பைக் கூட்டி, மீதி ஆறு இன்ச்சை முந்தானையில் விட்டால் தீர்ந்தது. முன்னால் புடைத்துக்கொண்டு தெரிகிறதே என்றால் குற்றவாளி புடவை அல்ல, உள்பாவாடை. பழைய பாவாடையின் நாடாவை இழுத்துக் கட்டும்போது மிச்சத் துணி முழுக்க வயிற்றில் கொசகொசவென்று சேரும். இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ் வரை நேர்த்தையல் ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

உண்மையான சிக்கல் ப்ளவுஸில். பக்கத் தையலில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இன்ச், மொத்தம் நாலு இன்ச் வரை பிடிக்கலாம். 44ஐ 40 ஆக்கலாம், 36 ஆக்க முடியாது. அதற்கு மேல் பிடித்தால் கைக்குழி சுருங்கும், மார்பில் பிடித்த டாட் மடிப்பு அக்குள் பக்கம் நகர்ந்துவிடும், தோள் மட்டும் பழைய அகலத்திலேயே நின்று வழியும். இப்போதைக்குப் பிடிக்கிற ப்ளவுஸ் எல்லாவற்றுக்கும் டைலரிடம் ஒரே வார்த்தை சொல்லுங்கள்: "உள்ளே மிஞ்சுற துணியை வெட்டாதீங்க, மடிச்சு மட்டும் விடுங்க." இன்னும் இறங்கப் போகிற உடம்புக்கு வெட்டித் தைப்பது பண விரயம்.

பட்டுப் புடவையோடு வந்த ப்ளவுஸ் பிட்டில் தைத்தது, ஆரி ஒர்க் செய்தது இரண்டையும் தொடவே வேண்டாம், இரண்டாம் தவணைக்கு வையுங்கள். எடை நின்ற பிறகு முழுக்கப் பிரித்து, துண்டுகளை இஸ்திரி போட்டு, புது அளவுக்கு மறுபடி வெட்டலாம். பெரியதிலிருந்து சின்னது வெட்டத் துணி போதும். கழுத்து அகலம் மட்டும் திரும்ப வராது, ஏற்கெனவே வெட்டிப்போட்ட இடமாயிற்றே. பின்பக்கம் நடு முதுகில் ஒரு தையல் கொடுத்தால் ஒன்றிரண்டு இன்ச் குறையும். ஆனால் முதுகில் ஒர்க் இருந்தால் அந்தத் தையல் டிசைனையே குறுக்கே பிளக்கும். அப்படிப்பட்டதில் ப்ளவுஸ் கையில் இருக்கும் ஒர்க்கை மட்டும் எடுத்துப் புது ப்ளவுஸில் வைத்துத் தைப்பதே மேல். கையளவை மார்பளவோடு சேர்த்துக் குறைத்துவிடாதீர்கள். மேல்கைத் தோல் தொய்ந்து நிற்கும், இறுக்கினால் ஓரத்தில் பிதுங்கும், வியர்வையில் புண்ணாகும். கைச் சுற்றளவைத் தனியாக, கையை மடக்கி அளக்கச் சொல்லுங்கள்.

ஆண்களுக்குச் சுருக்கமாக: பேன்ட் இடுப்பில் இரண்டு, மிஞ்சினால் மூன்று இன்ச் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொட வந்துவிடும், பேன்ட்டின் உட்காரும் பகுதி தொங்கும். சட்டையில் தோள் தையல் மேல்கைக்கு இறங்கிவிட்டால் அதை ஆல்ட்டர் செய்யும் கூலி புதுச் சட்டையை நெருங்கும். கொடுத்துவிடுங்கள்.

உள்ளாடைகளை யோசிக்காமல் கழியுங்கள். தளர்ந்த பிரா தாங்காது, உரசும். அவற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

நடுவில் இந்த ஆறேழு மாதத்துக்கு நாடா வைத்த சல்வாரும் நாலு குர்தியும் போதும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ ரங்கநாதன் தெருவிலோ மலிவாக வாங்குங்கள். கண் பழகியிருப்பதால் கை தானாகப் பெரிய சைஸைத்தான் எடுக்கும். எடுத்ததோடு அதற்குக் கீழ் இரண்டு சைஸையும் சேர்த்து ட்ரையல் ரூமுக்குக் கொண்டுபோங்கள். பெரிய பழைய சட்டை ஒன்று மட்டும் ஆபீஸ் ஏ.சி.க்கு இருக்கட்டும். எடை இறங்கியவர்களுக்குக் குளிர் அதிகமாகத் தெரியும்.

எடை நின்ற பிறகும் எலாஸ்டிக் துணியை மட்டுமே நம்பாதீர்கள். அது ஏறும் எடையைக் காட்டிக்கொடுக்காமல் கூடவே விரியும். கொக்கி வைத்த ப்ளவுஸ் ஒன்றை, அல்லது லைக்ரா கலக்காத பேன்ட் ஒன்றை, மாதம் ஒரு தரம் போட்டுப் பாருங்கள். எடை மெஷின் ஒன்றிரண்டு கிலோவுக்கு சாக்குச் சொல்ல விடும், கொக்கி விடாது.

கொடுப்பதில் முதல் உரிமை அதே அளவுக்காரர்களுக்கு. 3 எக்ஸ்.எல்., 4 எக்ஸ்.எல். நல்ல துணி கடையில் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை கூடுதல். உங்கள் ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் நடத்தும் வாட்ஸாப் குழு இருந்தால் அதில் சைஸோடு போடுங்கள். இப்போதுதான் ஆபரேஷன் முடித்து மாதம் ஒரு சைஸ் இறங்குபவர்களுக்கு அது வரப்பிரசாதம். முதியோர் இல்லங்களுக்குத் தளர்ந்த நைட்டி மிகவும் உதவும், முன்கூட்டிப் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பழைய துணியைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் கூஞ்ச் அமைப்பு சென்னையிலும் துணி வாங்கிக்கொள்கிறது, நைந்த பருத்தியைக்கூட மாதவிடாய்த் துணியாக மாற்றிப் பயன்படுத்துவார்கள். எங்கே கொடுத்தாலும் துவைத்து, பட்டன் தைத்து, சல்வாரையும் துப்பட்டாவையும் ஒன்றாகக் கட்டி, மேலே சைஸ் எழுதி ஒட்டுங்கள். எதற்கும் ஆகாதது மாநகராட்சிக்கு. பழைய சோபா, மெத்தை, துணி எல்லாம் சனிக்கிழமைகளில் எடுத்துப்போகும் ஏற்பாடு இருக்கிறது, 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து பதிவு செய்யலாம். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது என்று மாமியார் சொன்னால் அதற்கும் சனிக்கிழமைதான் தோது. போகிக்கு எரிக்கலாம் என்று மட்டும் எடுத்து வைக்காதீர்கள். பாலியெஸ்டர் உருகி எரியும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்துக்கு வந்த விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, வளையலும் மோதிரமும். மோதிரத்துக்கு இப்போதைக்கு அடியில் நூல் சுற்றிக்கொள்ளலாம். வளையல் அப்படி இல்லை. 2.8 என்பது இரண்டும் பதினாறில் எட்டும், அதாவது இரண்டரை இன்ச் குறுக்களவு. கை இளைத்து 2.6க்கு வந்துவிட்டால், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது முழங்கை வரை ஓடுகிற அதே வளையல், கையைத் தொங்கவிட்டதும் விரல் வழியாகக் கழன்றுவிடும். வெறும் தங்க வளையலை வெட்டிப் பற்றவைத்துச் சின்னதாக்கலாம், கல் பதித்ததில் அது கடினம். எடை நிற்கும் வரை இந்த இரண்டு வகை வளையலுமே லாக்கரில் இருக்கட்டும்.