வெள்ளை எல்இடி எரியாத பைப் டார்ச்
பைப்புக்குள் இரண்டு பென்சில் பேட்டரிகளை வைத்து, அலுமினியத் தாளால் இணைத்து நீங்களே செய்த டார்ச் எரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேட்டரிகளையும் பக்கவாட்டில் வைத்து நேர்முனையோடு நேர்முனையைச் சேர்த்திருப்பதால்தான் உங்கள் பைப் டார்ச்சின் வெள்ளை எல்இடி எரியவில்லை. அப்படி இணைத்தால் எத்தனை பேட்டரி வைத்தாலும் 1.5 வோல்ட்தான் கிடைக்கும், வெள்ளை எல்இடிக்கோ ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும்.

ஒன்றின் தட்டையான அடியில் மற்றதன் குமிழ் முட்டும்படி வரிசையாக வைத்து, எல்இடியின் நீளமான காலை நேர்முனையில் தொட்டுப் பாருங்கள். கால்களை ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்றால், எல்இடியின் விளிம்பு சற்றுத் தட்டையாக இருக்கும் பக்கமே எதிர்முனை.

அப்போதும் எரியாவிட்டால், அலுமினியத் தாளில் பேட்டரி தொடும் இடத்தில் செலோடேப் பசை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்; பசை மின்சாரத்தைக் கடத்தாது.

வெளிச்சம் போதவில்லை என்று மூன்றாவது பேட்டரியைச் சேர்த்தால் 4.5 வோல்ட் ஆகிவிடும் என்பதால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 68 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைத் தொடரிணைப்பில் வைக்காமல் இணைக்க வேண்டாம்.