கழுத்தில் தொங்கிய கடிகாரம்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல வாட்ச் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். ரோலக்ஸோடு ஒரு பெண் ஆங்கிலக் கால்வாயில் நீந்திய கதையை விளம்பரத்தில் படித்து நெகிழ்ந்துபோனேன். முப்பது வருடமாக வாட்ச் சேர்க்கும் என் மாமாவோ, "எல்லாம் விளம்பரம்டா, உள்ளே என்ன மிஷின்னு பாரு" என்கிறார். எனக்கு அழகாகத் தெரிவது அவருக்கு ஏன் எரிச்சலாக இருக்கிறது?

வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் வரும் அந்தப் பெண், மெர்சிடஸ் கிளைட்ஸ், கால்வாயைக் கடந்தது 1927 அக்டோபர் 7. அப்போது அந்த வாட்ச் அவரிடம் இல்லை. வேறொரு பெண் தானும் கடந்ததாகப் பொய் சொல்ல, இவர் நீந்தியதையும் சந்தேகித்தார்கள். நிரூபிக்க 21ஆம் தேதி மறுபடி இறங்கினார். நீர் புகாத ரோலக்ஸ் ஆய்ஸ்டர் வாட்ச் கூட வந்தது அந்த முறைதான், அதுவும் கழுத்தில் தொங்கிக்கொண்டு. பத்து மணி நேரத்துக்கு மேல் குளிர்நீரில் கிடந்தவரைக் கரை சேரும் முன்பே தூக்கிவிட்டார்கள். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே லண்டன் டெய்லி மெயிலின் முதல் பக்கத்தில் விளம்பரம்.

உங்களைப்போல் புதிதாக வருகிறவர் அதில் அந்தப் பெண்ணைப் பார்க்கிறார். பழகியவர் எதை விட்டிருக்கிறார்கள் என்று தேடுகிறார். ஒருமுறையாவது ஏமாந்தால்தான் அந்தக் கண் வரும். எனக்கு வந்தது இப்படித்தான்: நீர் புகாது என்பதற்கு '30 மீட்டர்' என்று டயலில் போட்டிருந்ததை நம்பி, குன்னூரில் ஒரு டிசம்பர் காலையில் வாட்சைக் கழற்றாமலே வெந்நீரில் குளித்தேன். சிம்ஸ் பார்க் பக்கம் நடக்கப்போனால் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பூத்திருந்தது. ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்து, நீரைத் தடுக்கிற ஒரு ரப்பர் வளையத்தை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். தலைமுடி மாதிரி மெலிந்து, காய்ந்து, விண்டுபோயிருந்தது. 30 மீட்டர் என்பது அசையாத நீரின் அழுத்தத்துக்கான கணக்கு, அதுவும் ரப்பர் புதிதாக இருக்கும்வரை. வெந்நீரும் நம் ஊர்க் குளிரும் மாறி மாறிப் பட்டால் அது தாங்காது. இதை எந்த விளம்பரமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் மாமாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "உள்ளே என்ன மிஷின்" என்ற கேள்விக்கும் இப்போது விளம்பரம் வந்துவிட்டது. பல ஸ்விஸ் கம்பெனிகள் காலங்காலமாக ஈ.டி.ஏ. என்ற இன்னொரு ஸ்விஸ் கம்பெனியின் மிஷினை வாங்கித்தான் போட்டன. இன்றைக்கு 'எங்கள் சொந்த மிஷின்' என்று பெருமையாகப் போடுகிறார்கள். அது மாமா மாதிரி ஆட்களுக்காகவே எழுதிய வரி. அவரும் நெகிழ்கிறார், அவ்வளவுதான், வேறொரு சொல்லுக்கு. ஈ.டி.ஏ. என்றால் விவரம் தெரிந்த எந்த ரிப்பேர்க்காரரும் திறப்பார், பாகமும் கிடைக்கும். சொந்த மிஷின் என்றால் பெரும்பாலும் கம்பெனிக்கே அனுப்ப வேண்டும், செலவும் கூடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிளைட்ஸ் கதையை விட்டுவிடாதீர்கள். கரை சேராத அந்த நீச்சலைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். வாங்கும் முன் மாமாவையும் கூட்டிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போங்கள். இந்த மாடலைத் திறப்பீர்களா, ரப்பர் மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். அப்புறம், மாமா சேர்த்தவற்றில் ஒன்றின் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.