பக்கத்தின் அடிப்பகுதி

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். பழைய தமிழ்ப் பதிப்புகளின் ஸ்கேன் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்ததில் நாலாயிரம் பிடிஎஃப் ஆகிவிட்டது. ஆனால் போனில் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. படிக்கும் புத்தியே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. மகள் 14.6 அங்குல சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 அல்ட்ரா வாங்கித் தருகிறேன் என்கிறாள். அவ்வளவு பெரியது தேவையா? லேப்டாப் போதாதா? பெரிய திரைக்கு ஏற்ற செயலிகள் ஆண்ட்ராய்டில் இல்லை என்கிறார்களே? கண் கெடுமா? பிராசஸர் வேகம் எப்படி?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

படிக்கும் புத்தி எங்கும் போய்விடவில்லை. ஆறேழு அங்குலத் திரையில் ஒரு பழைய பதிப்பைத் திறக்கிறீர்கள். எழுத்து தெரியவில்லை என்று இரண்டு விரலால் விரிக்கிறீர்கள். வரியின் பாதி வெளியே போய்விடுகிறது. இடம் தள்ளி, வலம் தள்ளி வரியை முடிப்பதற்குள் அடுத்த வரி எங்கே தொடங்கியது என்பது தொலைந்துவிடுகிறது. சாவித் துவாரம் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, கண் மங்கிவிட்டது என்று அழுதால் எப்படி? இந்தப் பயத்தை முதலில் விடுங்கள்.

பிராசஸரைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நீங்கள் விளையாட்டா ஆடப் போகிறீர்கள்? செயலிகள் விஷயமும் பாதி பழைய புகார்தான். 2011இல் டேப்லெட்டுக்கென்றே ஹனிகோம்ப் என்று ஆண்ட்ராய்டின் ஒரு பதிப்பு வந்தது. அதற்கப்புறம் பல வருடம் கூகுளே அந்தப் பக்கம் அக்கறையாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 2022இல் பெரிய திரைக்கென்று ஆண்ட்ராய்டு 12எல் வந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது. இன்றும் போன் செயலியை இழுத்துவிட்டது போலச் சில திறக்கும், உண்மைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது பிடிஎஃப் திறக்க ஒன்று, குறிப்பெழுத ஒன்று. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. கண்ணைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்து, திரை நிறத்தைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் திருப்பினால் எனக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

லேப்டாப் போதாது. அதன் திரை படுக்கைவாட்டில் கிடக்கிறது, புத்தகப் பக்கமோ நிற்கிறது. இந்த ஒரு காரணம் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியில் எங்களுக்கு ஒரு தமிழாசிரியர் இருந்தார். உ.வே.சா. பதிப்பைக் கையில் எடுத்தால் பக்கத்தின் அடியிலிருந்துதான் தொடங்குவார். இடக்கை ஆள்காட்டி விரல் அடிக்குறிப்பில், வலக்கை விரல் பாட்டில். யாராவது பாட்டை மட்டும் படித்துவிட்டு நிமிர்ந்தால், "கீழே குடியிருக்கிறவனை யார் விசாரிப்பது?" என்பார். வகுப்பே சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

1894இல் உ.வே.சா. கொண்டுவந்த புறநானூற்றுப் பதிப்பின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு இருக்கிறது. பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை இருக்கின்றன. பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பழைய உரை இருக்கிறது. 266ஆம் பாட்டோடு அது நின்றும் போகிறது. அடியில் பொடி எழுத்தில் குறிப்புகள். "பி-ம்." என்று போட்டு, இன்னொரு ஏட்டில் இந்த இடத்தில் வேறு சொல் இருந்தது என்கிறார் பதிப்பாசிரியர். அதாவது, நான் இதைத் தேர்ந்தேன், நீ வேண்டுமானால் அதைத் தேர்ந்துகொள் என்று வாசகனுக்கு இடம் விட்டு ஒதுங்குகிறார். ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த மனிதர், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செய்த வேலை இது. அந்தக் கல்லூரி உங்கள் கும்பகோணத்தில்தான் இருக்கிறது, ஞாபகமிருக்கட்டும்.

போன் திரையில் அந்த அடிப்பகுதி கண்ணிலேயே படாது. மின்னூல் தயாரிக்கிறவர்களில் பலர், எழுத்து திரைக்குத் தக்க ஓடவேண்டும் என்று முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான். விளைவு என்ன? 192ஆம் பாட்டின் முதல் வரி, "யாதும் ஊரே யாவரும் கேளிர்", தெரியாத தமிழன் இல்லை. காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வருகிறது. அந்தப் பாட்டுக்குப் பழைய உரைகாரர் என்ன எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள். நாலாயிரம் பிடிஎஃப் வைத்திருக்கிற நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். சேர்ப்பது ஒரு நோய், நல்ல மனிதர்களுக்கு வருகிற நோய்.

ஆகவே, பெரிய திரை தேவையா என்றால், முழுப் பக்கம் தேவை என்பேன். எஸ்10 அல்ட்ராவை நிமிர்த்தி வைத்தால் திரையின் அகலம் கிட்டத்தட்ட 197 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210. இழுக்காமல், தள்ளாமல் பாட்டும் உரையும் அடிக்குறிப்பும் ஒரே பார்வையில் நிற்கும். படுக்கைவாட்டில் வைத்தால் கிரவுன் அளவுப் புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் அசல் அளவிலேயே தெரியும். குழல்விளக்கு திரையில் அடிக்காமலிருக்கப் பூச்சு உண்டு. பேனா பெட்டியிலேயே வருகிறது, ஓரத்தில் கிறுக்கலாம்.

குறை? எடை 718 கிராம். ஈஸிசேரில் சாய்ந்து ஒரு கையில் பிடித்துப் பத்து நிமிஷம் படித்துப் பாருங்கள், மணிக்கட்டு பதில் சொல்லும். படுத்துக்கொண்டு படித்தால் ஒருநாள் மூக்கில் விழும். புத்தகத்தை நிறுத்திப் படிக்கும் சிக்குப்பலகை வீட்டில் இருந்தால் தூசி தட்டி எடுங்கள், அதில் நிற்கும். ஆனால் சார்ஜ் துளை குறுகிய பக்கத்தில் இருக்கிறது; அந்தப் பக்கம் மேலே வரும்படி நிறுத்தினால் ஒயர் இடிக்காது. விசைப்பலகை உறையும் மாட்டினால் ஒரு கிலோவைத் தாண்டும். அதை வாங்காதீர்கள். அறிமுக விலையோ லட்சத்துக்கு மேல்.

இங்கேதான் உங்கள் மகளிடம் நீங்கள் ஒன்று சொல்லவேண்டும். அந்தத் திரையின் வடிவம் 16:10. ஏ4 பக்கத்தை வைத்தால் மேலும் கீழும் பட்டை பட்டையாக இடம் வீணாகும். 2024இல் வந்த ஒன்பிளஸ் பேட் 2 இருக்கிறது. அதன் 12.1 அங்குலத் திரை 7:5 விகிதம், ஏறக்குறைய ஏ4 தாளின் வடிவமே. பக்கம் திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும். அகலம் 177 மில்லிமீட்டர்தான், அசலில் ஆறில் ஐந்து பங்கு. பொடி எழுத்துக் குறிப்புகளுக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும். எடை 584 கிராம். அறிமுக விலை 39,999 ரூபாய். மெமரி கார்டு போட இடமில்லை, சாம்சங்கில் உண்டு. அதைக் குறை என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். இருபது புத்தகத்தை மட்டும் அதில் ஏற்றுங்கள், மீதி ஹார்ட் டிஸ்கிலேயே தூங்கட்டும்.

மேஜையிலேயே உட்கார்ந்து படிக்கிறவர், பெரிய அளவு மலர்களும் பழைய நாளிதழ்களும்தான் உங்கள் வாசிப்பு என்றால் அல்ட்ராவே சரி. பதிப்பு நூல்கள்தான் என்றால் சின்னதை வாங்கிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை மகளிடம் கேட்டு வாங்குங்கள். சென்னை வரும்போது பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையத்துக்குப் போய், கிடைக்கிற பதிப்புகளை அச்சிலேயே வாங்கி வாருங்கள். அவற்றுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.