டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைப்பது வீணா?

மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், இரண்டு காதும் கேட்கவில்லை, இம்ப்ளாண்ட் வைத்தாலும் வீண் என்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் என்பது ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கருவி; வெளியே காதில் மாட்டும் பகுதி பிடிக்கும் ஒலியை அது மின் துடிப்பாகக் கேட்கும் நரம்புக்கு அனுப்பும். டவுன் சிண்ட்ரோம் என்பதை மட்டும் வைத்து யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. சொன்னவர் குழந்தையைச் சோதித்துவிட்டுச் சொன்னாரா, முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? எங்களுக்கு முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

நாங்கள் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். எங்கள் மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், பேச்சும் இல்லை. "இந்த மாதிரிக் குழந்தைங்க அப்படித்தாம்மா" என்று ஒரு டாக்டர் காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம் வழியில் இருக்கும் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் காதைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். கோவையில் ஒரு ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்) இதைக் கேட்டதும் நடுக்காதைச் சோதித்தார். இரண்டு பக்கமும் நீர் கட்டியிருந்தது.

இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துவாரம் குறுகலாக இருக்கும், நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாயும் சரியாக வேலை செய்யாது. அதனால் நீர் கட்டுவது ரொம்ப சகஜம். அந்த நீரோடு பெரா டெஸ்ட் (ஒலி கொடுத்து, கேட்கும் நரம்பும் மூளையும் அதற்கு எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் சோதனை) எடுத்தால் உள்ளதைவிடக் குறை அதிகமாகத் தெரியும். நீரை எடுத்து, செவிப்பறையில் குரோமெட் என்ற குட்டிக் குழாய் வைத்து, மறுபடி பெரா எடுத்தார்கள். நிறையக் குழந்தைகளுக்கு இதோடு சரியாகிவிடும், இல்லாவிட்டால் ஹியரிங் எய்டு போதும். எங்களுக்கு மலை இறங்கும்போது வந்த அலறல் நின்றது, கேட்கத்தான் இல்லை. கோளாறு உள்காதிலும் இருந்தது. ஹியரிங் எய்டு மாட்டிப் பார்த்தும் பலன் இல்லாததால் இம்ப்ளாண்ட் பேச்சு வந்தது.

அதற்கு முன் சிடி, எம்ஆர்ஐ எடுத்து உள்காதின் அமைப்பும் கேட்கும் நரம்பும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நரம்பே இல்லையென்றால் கருவி உதவாது. இதய எக்கோவும் கழுத்து எக்ஸ்ரேயும் கேட்டார்கள். டவுன் குழந்தைகளுக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கலாம், ஆபரேஷனில் தலையைத் திருப்பிவைக்கும்போது ஆபத்து. உங்கள் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

"ஆசை காட்டாதே" என்று பதில் போட வருபவர்களுக்கு: மற்றக் குழந்தைகளைப் போல் இவள் பேசுவாள் என்று நான் சொல்லவே இல்லை. இம்ப்ளாண்ட் வைத்த பிறகு சில சொற்கள் வருகின்றன, மீதிக்குச் சைகைதான். சைகையையும் விட வேண்டாம் என்று தெரபிஸ்டே சொன்னார். ஆனால் எங்கள் தோட்டத்துக்குள் காட்டுமாடு வரும். "வா" என்று கத்தினால் இப்போது வீட்டுக்குள் ஓடி வருகிறாள். பேச்சை மட்டும் வைத்துப் பலனை அளப்பவர்கள் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

சிரமங்களும் உண்டு. சின்னக் காது, கருவி நிற்காது, டேப் ஒட்டித்தான் விடுகிறோம். குளிருக்குக் கம்பளிக் குல்லா போட்டால் தலையில் ஒட்டும் காந்த வட்டு நழுவும். பனிக்காலத்தில் ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும். தெரபிக்கு விடாமல் இறங்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும். "உங்களுக்கென்ன, டீ எஸ்டேட் இருக்கே" என்று கீழே இருப்பவர்கள் சொல்லும்போது வயிறு எரிகிறது. அரை ஏக்கர் தேயிலை எஸ்டேட்டா? பச்சைத் தேயிலைக்குக் கிடைப்பது பறிகூலிக்கும் உரத்துக்குமே போய்விடுகிறது. கட்டுப்படியாகும் விலை கேட்டு இங்கே சிறு விவசாயிகள் உண்ணாவிரதம்கூட இருந்து பார்த்துவிட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருந்தால்தான் இந்த ஆபரேஷன். மகனுக்கு என்ன வயது, பெரா எடுத்தபோது நடுக்காதில் நீர் இருந்ததா என்று பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுங்கள். நீரோடு எடுத்ததென்றால் அந்த ரிப்போர்ட்டை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.