கட்டிலுக்கடியில் ஓர் அடுப்பு

அன்புள்ள ஐயா,

என் வீட்டை ஃபிரிட்ஜ், அடுப்போடு வாடகைக்கு விடுகிறேன். புதிதாக வரும் குடும்பம் தங்கள் ஃபிரிட்ஜையும் இண்டக்‌ஷன் அடுப்பையும்தான் வைத்துக்கொள்வோம் என்று பிடிவாதம் பிடிக்கிறது. விட்டால் என் ஃபிரிட்ஜை என்ன செய்வது? அவர்கள் பொருள் பழுதானால் யார் பொறுப்பு? சொந்தப் பொருள் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

பிடிவாதம் என்ற சொல்லை முதலில் எடுங்கள். கை பழகிய அடுப்பில் சமைக்க நினைப்பது பிடிவாதமா?

சரி, ஃபிரிட்ஜ். காலி செய்து, ஈரம் போகத் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். இறுக மூடினால் பூஞ்சை பிடிக்கும். அவர்கள் பொருளுக்கு அவர்களே பொறுப்பு, ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும்.

‘கூடாது என்று எழுதிவிடலாமா’ என்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். நாங்கள் குடியிருந்த ஒரு வீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. அம்மா தன் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய மின்சார அடுப்பு பகலெல்லாம் கட்டிலுக்கடியில் கிடக்கும். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி, பாத்திரச் சத்தம் வெளியே கேட்காமல் சமைப்பார். ஒருநாள் வயர் உருகிப் படுக்கை விரிப்பின் ஓரம் கருகியது. மறுநாள் அம்மா அதை வெட்டி மடித்துத் தைத்தார். வீட்டுக்காரர் கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அடுப்பின் மேல் தப்பில்லை. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியருக்கான வயர் அதைத் தாங்காது. மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு இரண்டேகால் மடங்கு. சமையலறையில் 16 ஆம்பியர் பாயிண்ட் சும்மாதான் இருந்தது. அங்கே மாட்டவிட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது!

நீங்கள் தடை போட்டால் அடுப்பு வராமல் இருக்காது, உங்கள் கண்ணில் படாமல் வரும். எழுதுவதை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சமையலறைக்குத் தனி லைன் இருக்கிறதா, எர்த் சரியா, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கட்டும். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்தான் எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று பெரிய எம்.சி.பி. மாட்டச் சொல்லிவிடாதீர்கள். அது வயரைக் காக்க இருப்பது, வயரின் அளவுக்குத்தான் போட வேண்டும். அவர் வரும்போது அந்தக் குடும்பத்தையும் கூப்பிடுங்கள். எந்த பாயிண்டில் எதை மாட்டலாம் என்று அவர்களிடமே காட்டச் சொல்லுங்கள்.